கல்லூரி வெளியே தள்ளிய கத்தி

எழுபதுகளின் நடுப்பகுதியில் மன்னார்ப் பக்கத்துக் கடலோர ஊரொன்றில் நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு சிற்றேடு கொண்டுவந்தோம். மூன்றாவது இதழோடு அது மௌத்தாகிவிட்டது. அட்டைப்படம் போடுவதென்றால் கொழும்புக்கு அனுப்பி 'புளொக்' செய்விக்க வேண்டும். அதற்குக் காசு இல்லை. பக்கத்து ஊர்ப் பாடசாலையில் சித்திரம் படிப்பித்த ஒரு மாஸ்டர் எங்களுக்கு நெருக்கமானவர். தரைக்கு விரிக்கும் லினோலியத்தில் ஒரு துண்டை எடுத்து, பலகையில் ஒட்டி, ஈய எழுத்தின் உயரத்துக்குச் சரியாக்கி, பழைய குடைக்கம்பியைத் தீட்டிச் செய்த உளியால் ஒரே இரவில் ஒரு முகத்தை வெட்டித் தந்தார்.

பட்டணத்து அச்சகத்தில், காலால் மிதித்து ஓட்டும் இயந்திரத்தில், முதல் தாள் எடுத்தோம். அச்சக முதலாளி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது எந்தக் கட்சித் தலைவர்?" என்று கேட்டார். தலைவருமில்லை, கட்சியுமில்லை, எங்கள் துறையில் கரைவலை இழுக்கும் ஒரு மனிதர்தான் என்றோம். அவர் நம்பவில்லை. இப்படிக் கறுப்பாக வெட்டிய முகமெல்லாம் அரசியல்தான் தம்பி, வீண் பிரச்சினை வேண்டாம் என்று மறுத்துவிட்டார். அட்டை வெறும் எழுத்தோடு வந்தது.

பல வருடங்களுக்குப் பிறகு, அதே கேள்வியை இன்னொருவர் இன்னொரு நாட்டில் 1933இலேயே கேட்டிருக்கிறார் என்று படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வேறெதுவோவும் வந்தது. அங்கே கேட்டவர் அச்சக முதலாளி அல்லர், அதிகாரி. பதில் சொன்னவன் ஒரு கலைக்கல்லூரி மாணவன். அவன் சிறைக்குப் போனான். அந்தக் கல்லூரிதான் 2015 செப்டெம்பரில் உலகெங்குமிருந்து வந்த அச்சோவியர்களுக்கு மாநாடு நடத்தியது. இந்த இரண்டு செய்திகளுக்கும் இடையில் கிடக்கும் எண்பத்திரண்டு ஆண்டுகளைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். மாநாட்டுக்குப் போனவன் அல்லன் நான். லூ சுன்னைத் தலாத்துஓயாவிலிருந்து கே. கணேஷ் தமிழாக்கித் தந்த கதைகள் வழியாக அறிந்து, அதன்பின் அவர் எழுதியதையும் அவரைப் பற்றி எழுதியதையும் கிடைத்த மட்டும் தேடிப் படித்தவன், அவ்வளவுதான்.

அச்சோவியம் என்று நான் சொல்வது, மரத்தையோ லினோலியத்தையோ செதுக்கியும், செப்புத் தகட்டை அமிலத்தால் அரித்தும், கல்லில் வரைந்தும், மை தடவித் தாளில் எடுக்கும் படங்களை. இதைச் செய்பவர்களும் கற்பிப்பவர்களும் கூடிப் பேசுவதற்கென 'இம்பக்ட்' என்ற பெயரில் ஒரு சர்வதேச மாநாடு 1999இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் தொடங்கியது. பிறகு ஹெல்சிங்கி, கேப்டவுன், தலின், மெல்பேர்ண், டண்டீ என்று நாடு நாடாகப் போனது. ஒவ்வொரு முறையும் ஒரு கலைக்கல்லூரியோ பல்கலைக்கழகமோ அதனை ஏற்று நடத்தும். ஒன்பதாவது மாநாடு சீனாவின் ஹாங்சோ நகருக்கு வந்தது. ஏற்று நடத்தியது இன்று சீனக் கலைக் கழகம் என்ற பெயரில் இயங்கும் கல்லூரி. 'அச்சுக்குப் பிந்திய காலத்தில் அச்சோவியம்' என்பது தொனிப்பொருள்.

ஹாங்சோ நமக்கு அறிமுகமில்லாத ஊர் அல்ல. இப்னு பதூதா 'அல்-கன்ஸா' என்று எழுதிய நகரம் அதுதான். பூமியில் தான் கண்ட நகரங்களில் மிகப் பெரியது என்றும், ஆறு நகரங்கள் சேர்ந்தது என்றும், அதில் முஸ்லிம்களுக்கென்று ஒரு பகுதி இருந்தது என்றும் எழுதியிருக்கிறார். அவர் அங்கே போனாரா, கேட்டு எழுதினாரா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். போகட்டும். அந்த நகரில் முஸ்லிம்கள் இருந்ததற்கு பீனிக்ஸ் பள்ளிவாசல் சாட்சியாக நிற்கிறது.

அச்சு வரலாற்றில் அந்த ஊருக்கு இன்னும் பழைய உரிமை உண்டு. தென் சொங் அரசின் தலைநகராக இருந்த காலத்தில் அங்கே மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட நூல்கள் சீனத்தில் மிகச் சிறந்தவையாக மதிக்கப்பட்டன. களிமண்ணால் தனித்தனி எழுத்துச் செய்து கோத்து அச்சிட்ட பி ஷெங் என்ற மனிதரைப் பற்றி இன்று உலகம் அறிந்திருக்கிறதென்றால், அந்தச் செய்தியைக் குறித்து வைத்த ஷென் குவோ இந்த ஊர்க்காரர் என்பதும் அதற்குக் காரணம். பி ஷெங் அதைச் செய்தது 1040களில். குட்டன்பேர்க் பிறக்க இன்னும் மூன்றரை நூற்றாண்டு இருந்தது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. ஹாங்சோவின் மேற்கு ஏரிக்கரையில் லெய்ஃபெங் என்றொரு பழைய கோபுரம் இருந்தது. அதன் செங்கல்லை வீட்டில் வைத்தால் நன்மை என்று நம்பி ஊரார் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு போக, 1924 செப்டெம்பர் 25ஆம் திகதி அது சரிந்து விழுந்தது. விழுந்த பிறகுதான் தெரிந்தது, செங்கற்களில் துளையிட்டு, உள்ளே அச்சிட்ட பௌத்த மந்திரச் சுருள்களைச் செருகியிருக்கிறார்கள் என்று. 975ஆம் ஆண்டில் வூயுவே நாட்டு அரசன் எண்பத்து நாலாயிரம் பிரதிகள் அச்சிடச் செய்தான் என்று அந்தச் சுருளே சொல்கிறது. கோபுரம் விழுந்ததைப் பற்றி லூ சுன் இரண்டு கட்டுரைகள் எழுதினார். முதலாவதில் மகிழ்ச்சியை மறைக்கவே இல்லை. கோபுரத்தின் கீழ் அடைபட்டுக் கிடப்பதாகக் கதை சொல்லும் வெள்ளைப் பாம்புப் பெண்ணுக்கு விடுதலை என்றுதான் அவர் அதைப் பார்த்தார்.

லூ சுன் அதே மாகாணத்து ஷாவ்சிங்கைச் சேர்ந்தவர். ஜப்பானிலிருந்து திரும்பியதும் முதலில் ஆசிரியராக வேலை பார்த்தது ஹாங்சோவில்தான். வேதியியலும் உடலியலும் படிப்பித்தார். 1927இல் ஷங்ஹாயில் குடியேறிய பின் அவருடைய கவனம் மரச்செதுக்குப் படங்களின் மீது திரும்பியது. எழுத்தாளர் ஒருவர் இப்படி ஓவியத்துக்குள் இறங்கி, ஒரு தலைமுறையையே உருவாக்கிய வேறு உதாரணம் எனக்கு உடனே நினைவுக்கு வரவில்லை. அவர் தாமே ஒரு படமும் செதுக்கியவர் அல்லர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆயிரம் வருடமாக மரத்தில் செதுக்கிவந்த நாட்டுக்கு மரச்செதுக்கை ஏன் வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும்? பழைய முறையில் வரைபவர் ஒருவர், செதுக்குபவர் இன்னொருவர், அச்சிடுபவர் மூன்றாமவர். செதுக்குபவர் கைவினைஞர், கோட்டை மாற்ற அவருக்கு உரிமை கிடையாது. ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோன்றிய புதிய மரச்செதுக்கில் மூன்று வேலையையும் ஒரே ஆள் செய்தார். தூரிகையால் வரைந்து அதைப் பின்பற்றிச் செதுக்குவதல்ல, கத்தியே தூரிகை. பழைய முறையை லூ சுன் இழிவாகக் கருதினார் என்று எண்ண வேண்டாம். பீக்கிங் கடைகளில் விற்ற, பூவும் பறவையும் அச்சிட்ட கடிதத் தாள்களின் மாதிரிகளைத் தேடித் திரட்டி, 1933இல் ஜெங் ஜென்துவோவுடன் சேர்ந்து அழகிய தொகுப்பாக வெளியிட்டவரும் அவர்தான். ஆனால் இளைஞர்கள் கையில் கொடுக்க அவர் தேடியது வேறு கருவி. மரத்துண்டும் கத்தியும் மையும் இருந்தால் போதும்; இயந்திரம் வேண்டாம்; தாளை வைத்துப் பின்னால் தேய்த்தாலே படம் வரும். அவசர காலத்திலும் சிறிது நேரத்தில் செய்து முடிக்கலாம் என்பதை அவரே குறிப்பிட்டிருக்கிறார்.

இனிக் கல்லூரிக்கு வருவோம்.

1928இல் கல்வியாளர் சாய் யுவான்பெய் முன்முயற்சியில் மேற்கு ஏரிக்கரையில் தேசிய கலைக்கல்லூரி தொடங்கப்பட்டது. பிரான்ஸில் பயின்று திரும்பிய லின் ஃபெங்மியன் அதன் முதல் அதிபர். அப்போது அவருக்கு இருபத்தேழு வயது. சீன ஓவியத்தையும் மேற்கத்திய ஓவியத்தையும் இசைவிக்க வேண்டும் என்பது அவருடைய கனவு. ஓவியம், சிற்பம், வடிவமைப்பு எல்லாம் அங்கே இருந்தன. அச்சோவியத்துக்குத் துறை இல்லை. ஆயிரம் வருட அச்சு மரபுள்ள நகரத்துக் கல்லூரியில் அது இல்லாதது அந்நாளில் யாருக்கும் விநோதமாகப் படவில்லை. அச்சு என்பது கைத்தொழில், கலை அல்ல.

1929இல் அங்குள்ள மாணவர்கள் சிலர் 'பதினெட்டுக் கலைச் சங்கம்' என்று ஒன்றை அமைத்தார்கள். சீனக் குடியரசின் பதினெட்டாம் ஆண்டு என்பதால் அந்தப் பெயர். நாட்டு நிலைமை அப்போது எப்படி இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். 1927இல் கோமிந்தாங் ஆட்சி கம்யூனிஸ்டுகளை வேட்டையாடத் தொடங்கியிருந்தது. இடதுசாரி வாசனை வீசினாலே கைது. சங்கம் விரைவிலேயே இரண்டாகப் பிளந்தது. இடதுபக்கம் நின்றவர்கள் ஷங்ஹாய்க்குப் போய் 1931இல் கண்காட்சி வைத்தபோது லூ சுன் அதற்குச் சிறு முன்னுரை எழுதிக் கொடுத்தார்.

அந்த வருடம் ஓகஸ்டில் நடந்ததைச் சீன ஓவிய வரலாறு எழுதும் யாரும் விட்டுவிடுவதில்லை. ஷங்ஹாயில் லூ சுன் வழமையாகப் போகும் புத்தகக் கடை உச்சியாமா கன்ஸோ என்ற ஜப்பானியருடையது. அவருடைய தம்பி ககிச்சி, தோக்கியோவில் சிறுவர்களுக்குச் சித்திரம் படிப்பிக்கும் ஆசிரியர். கோடை விடுமுறைக்கு அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தார். லூ சுன் அவரைப் பிடித்துக்கொண்டார். 17ஆம் திகதி முதல் 22ஆம் திகதி வரை ஆறே நாட்கள் வகுப்பு. மாணவர்கள் பதின்மூன்று பேர். அவர்களில் பலர் பதினெட்டுக் கலைச் சங்கத்தினர். மொழிபெயர்ப்பாளர் லூ சுன். சீனாவின் மிகப் பெரிய எழுத்தாளர், ஐம்பது வயதை எட்டும் நேரத்தில், ஆரம்பப் பாடசாலைச் சித்திர ஆசிரியர் ஒருவரின் பக்கத்தில் நின்று, கத்தியை எப்படிப் பிடிப்பது, மையை எப்படி உருட்டுவது என்பதை ஜப்பானிய மொழியிலிருந்து சீனத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தார். இந்தக் காட்சியை நான் பலமுறை மனதில் கண்டு பார்த்ததுண்டு. நம்மிடையே பெயர் பெற்ற எழுத்தாளர் எவராவது இதற்கு இசைவாரா என்று எண்ணியும் பார்த்ததுண்டு.

அதே 1931இன் தொடக்கத்தில் லூ சுன்னுக்குப் பேரிழப்பொன்று நேர்ந்திருந்தது. வெளிநாட்டு மரச்செதுக்குப் படங்களைத் தொகுத்து வெளியிடுவதில் அவருக்குத் துணையாக இருந்த இளம் எழுத்தாளர் ரௌ ஷி, பெப்ரவரி 7ஆம் திகதி ஷங்ஹாயில் இரகசியமாகச் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரோடு இன்னும் நான்கு எழுத்தாளர்களும் வேறு பலரும் கொல்லப்பட்டார்கள். செய்தி வெளியிட முடியாது. இரங்கல் எழுத முடியாது. ரௌ ஷியின் தாய் பார்வை மங்கியவர். செப்டெம்பரில் டிங் லிங் ஆசிரியராக இருந்து வெளியிட்ட புதிய இதழொன்றின் முதல் ஏட்டில், ஜேர்மன் ஓவியர் கெத்தே கொல்விட்ஸின் மரச்செதுக்கு ஒன்றைப் போடுமாறு லூ சுன் கொடுத்தார். தாயொருத்தி கண்களை மூடியபடி தன் குழந்தையை முன்னே நீட்டிக் கொடுக்கும் படம். 'பலி' என்பது அதன் பெயர். கொல்விட்ஸின் மகன் 1914இல் போர்முனையில் இறந்தவன். அந்தப் படம் யாருக்கான அஞ்சலி என்பது தனக்கு மட்டுமே தெரிந்திருந்தது என்று இரண்டு வருடம் கழித்துத்தான் லூ சுன் எழுதினார். தணிக்கை அதிகாரியும் அந்த இதழைப் பார்த்திருப்பார். அன்னிய நாட்டுத் தாயும் பிள்ளையும். அதில் என்ன இருக்கிறது என்று விட்டிருப்பார்.

ஹாங்சோவில் நிலைமை இறுகியது. சங்கத்து மாணவர்கள் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டார்கள். அவர்களில் ஹூ யீச்சுவான் 1932இல் செதுக்கிய 'போர்முனைக்கு' என்ற படம் இன்று சீன அச்சோவியத் தொகுப்புகளில் எல்லாம் முதல் பக்கங்களில் இடம்பெறுகிறது. வாயை அகலத் திறந்து கத்தும் ஒரு மனிதன், அவன் பின்னால் திரளும் கூட்டம். கோடுகள் கரடுமுரடானவை. வரையத் தெரியாமல் வந்த கரடு கொஞ்சம், கோபத்தில் வந்த கரடு கொஞ்சம். இரண்டையும் பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை.

1933இல் கல்லூரிக்குள் மறுபடியும் முயன்றார்கள். சாவ் பாய், லி ச்யூன், யெ லுவோ என்ற மூன்று மாணவர்கள் 'மரமணி மரச்செதுக்கு ஆய்வுச் சங்கம்' என்பதை அமைத்தார்கள். அந்த ஒக்டோபரில் பொலிஸார் வந்து அறைகளைச் சோதனையிட்டு மூவரையும் பிடித்துக்கொண்டு போனார்கள். கிடைத்த சான்றுகளில் ஒன்று சாவ் பாய் செதுக்கிய ஒரு முகம். சோவியத் நாட்டின் கல்வி அமைச்சராக இருந்த எழுத்தாளர் லூனசார்ஸ்கியின் முகம் அது. யார் இது என்று அதிகாரி கேட்டார். ஓர் எழுத்தாளர் என்றான் சாவ் பாய். எந்த நாட்டவர் என்றதற்குத் தெரியாது என்று சொல்லித் தப்பப் பார்த்தான். பொய் சொல்லாதே, இது செம்படைத் தளபதிதானே, ரஷ்யப் புரட்சி வரலாற்றுப் புத்தகத்தில் இந்தப் படத்தைப் பார்த்திருக்கிறேனே என்றார் அதிகாரி. கறுப்பாக வெட்டிய முகம் என்றால் அவருக்கும் அப்படித்தான்.

இந்த உரையாடல் நமக்குக் கிடைப்பது சாவ் பாய் பின்னர் லூ சுன்னுக்கு எழுதிய கடிதத்தால். 1936இல் எழுதிய ஒரு கட்டுரையில் லூ சுன் அந்த விவரங்களைச் சேர்த்துக்கொண்டார். கோபமாக எழுதவில்லை, குழந்தைக் கதை சொல்லும் தொனியில் எழுதினார். படிக்கும்போது அதுதான் அதிகம் சுடுகிறது.

சிறையிலிருந்து வந்த சாவ் பாய், 1935இல் தேசிய மரச்செதுக்குக் கண்காட்சிக்காக லூ சுன்னின் முகத்தையே செதுக்கினார். ஷங்ஹாயில் ஆளும் கட்சித் தணிக்கையாளர் அதைச் சுட்டிக்காட்டி, இது ஆகாது என்று எடுத்துவிட்டார். சாவ் பாய் அந்தப் படத்தை லூ சுன்னுக்குத் தபாலில் அனுப்பினார். யார் செதுக்கியது, எந்தக் கண்காட்சிக்கு, யார் நீக்கினார்கள் என்பதை லூ சுன் அந்தத் தாளிலேயே தம் கையால் எழுதி வைத்தார். படத்தை விடவும் அந்தக் குறிப்புக்காக அது வரலாற்றில் நிற்கிறது.

1936 ஜூலையில், நோய் முற்றியிருந்த நிலையில், சொந்தக் காசில் கொல்விட்ஸின் படங்களைத் தொகுத்து வெளியிட்டார் லூ சுன். நூற்று மூன்று பிரதிகள். சிற்றேடு நடத்திய எவருக்கும் அந்த எண்ணிக்கையின் அர்த்தம் விளங்கும். ஆனால் புத்தகத்தின் வெளியீட்டுக் குறிப்பில் அவர் போட்ட ஒரு வரி யாரும் எதிர்பாராதது. மறுபதிப்புச் செய்யத் தடை என்றுதானே எல்லோரும் போடுவோம்? யாராவது இதை மறுபதிப்புச் செய்தால் அவருக்கு அளவற்ற புண்ணியம் கிடைக்கும் என்ற கருத்தில் அவர் போட்டிருந்தார். ஒக்டோபர் 8ஆம் திகதி ஷங்ஹாயில் நடந்த மரச்செதுக்குக் கண்காட்சிக்கு வந்து, பிரம்பு நாற்காலியில் அமர்ந்து இளைஞர்களோடு பேசிக்கொண்டிருந்தார். ஷா ஃபெய் என்பவர் எடுத்த புகைப்படங்கள் இருக்கின்றன. சட்டை தோளில் தொங்குகிறது, கையில் சிகரெட். பதினொரு நாட்களில் காலமானார்.

இதுவரை சொன்னதில் நல்லவர் யார், கெட்டவர் யார் என்பது தெளிவாக இருக்கிறது. இங்கேயே நிறுத்தினால் நமக்கும் வசதி. முற்போக்கு மேடைகளில் இந்தக் கதையைச் சொன்னவர்கள் பெரும்பாலும் இங்கேதான் நிறுத்தினார்கள். அடுத்த பகுதியையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

லூ சுன்னின் ஆறு நாள் வகுப்பில் இருந்த பதின்மூவரில் ஒருவர் ஜியாங் ஃபெங். 1932இல் கைதாகிச் சிறையிருந்தவர். பிறகு யெனானுக்குப் போனார். 1949இல் ஆட்சி மாறியதும் ஹாங்சோ கல்லூரிக்கு நிர்வாகியாக வந்து சேர்ந்தார். முதல் அதிபர் லின் ஃபெங்மியன் அப்போது அங்கே பேராசிரியர். அவருடைய ஓவியம் வெறும் வடிவவாதம், மக்களுக்கு உதவாது என்ற கண்டனம் எழுந்தது. லின் கல்லூரியை விட்டு ஷங்ஹாய்க்குப் போனார். அவர் அதிபராக இருந்த காலத்தில்தான் மாணவர்கள் நீக்கப்பட்டார்கள் என்பது உண்மை. தானே நீக்க விரும்பினாரா, மேலிடத்து நெருக்குதலா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. இருபது வருடம் கழித்து நீக்கப்படும் முறை அவருடையதாயிற்று என்பது மட்டும் கண்முன் நிற்கிறது.

அத்தோடும் முடியவில்லை. 1957இல் ஜியாங் ஃபெங்கே 'வலதுசாரி' என்று முத்திரை குத்தப்பட்டார். சிறையில் கிடந்த மரச்செதுக்காளன் வலதுசாரி! 1979இல்தான் அந்தப் பழி நீங்கியது, 1982இல் காலமானார். கலாசாரப் புரட்சி வந்தபோது லின் ஃபெங்மியன், வீடு சோதனைக்கு உள்ளாகும் என்று அஞ்சி, தம் வாழ்நாள் ஓவியங்களைக் குளியல் தொட்டியில் ஊறவைத்துக் கூழாக்கி, மலக்கூடத்தில் ஊற்றித் தண்ணீர் விட்டார். அழிந்தவை ஆயிரக்கணக்கில் என்கிறார்கள். அப்படியும் 1968 முதல் நாலு வருடத்துக்கு மேல் சிறை. 1977இல் ஹொங்கொங் போய், 1991இல் அங்கேயே இறந்தார். இந்த மனிதரை நான் 1933ஆம் ஆண்டுக் கதையில் வில்லனாக வைத்துப் பல காலம் எண்ணியிருந்தேன். குளியல் தொட்டியைப் பற்றிப் படித்த பிறகு அது முடியாமற் போனது.

அச்சோவியத்துக்கென ஒரு துறை அந்தக் கல்லூரியில் வந்தது 1950களின் நடுப்பகுதியில். அங்கே நீண்டகாலம் கற்பித்தவர் ஜாவ் யன்னியன். 1961இல் அவர் செதுக்கிய லூ சுன் முகத்தைப் பார்க்காத சீன வாசகர் குறைவு. 'ஆ கியூ' கதை முழுவதற்கும் தொடராகப் படங்கள் செதுக்கினார். வெள்ளை மிகக் குறைவு. கறுப்பு மரத்திலிருந்து ஆ கியூவின் எலும்பும் குடுமியும் மட்டும் வெளிவந்து நிற்கும். ஒரு காலத்தில் பொலிஸ் சான்றாக எடுத்துப்போன கலை இப்போது பாடத்திட்டம், பரீட்சை, பட்டம். கல்லூரி பல பெயர்கள் மாறி 1993இல் இன்றைய பெயரைப் பெற்றது. இடித்த வீடுகளின் பழைய ஓடுகளைப் பொறுக்கிச் சேர்த்து வாங் ஷூ கட்டிய அதன் புதிய வளாகத்தை உலகக் கட்டடக் கலைஞர்கள் வந்து பார்க்கிறார்கள்.

அங்கேதான் 2015இல் 'அச்சுக்குப் பிந்திய காலம்' பற்றிப் பேசினார்கள். தொனிப்பொருளில் நியாயம் இருக்கிறது. 1933இல் மாணவன் கத்தியை எடுத்ததற்குக் காரணம், ஒரே கட்டையிலிருந்து நூறு தாள் எடுத்துச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு போகலாம் என்பது. இன்று அந்த வேலையைக் கைத்தொலைபேசி செய்கிறது. கட்டையில் மிஞ்சியிருப்பது கை. ஆகவே இன்றைய அச்சோவியர் இருபது பிரதி எடுத்து, ஒவ்வொன்றிலும் பென்சிலால் எண் போட்டு, ஒப்பமிட்டு, கட்டையை அழித்துவிடுகிறார். குறைவாக இருப்பதில்தான் விலை. நூற்று மூன்று பிரதி போட்டு, மறுபதிப்புச் செய்பவருக்குப் புண்ணியம் என்று எழுதியவருடைய மாணவர்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அவர்களும் வாழ வேண்டும். ஆனாலும் மாநாடுகளில் காகிதம், மை, அமிலம், கணினி என்று பேசும்போது, இதே நிறுவனத்தில் ஒரு முகத்தைச் செதுக்கியதற்காக மூன்று பிள்ளைகள் சிறை போனார்கள் என்பதை வரலாற்றுப் பக்கத்தில் ஒரு வரியாக அல்லாமல், அமர்ந்து பேசும் விடயமாக எத்தனை கல்லூரிகள் வைத்துக்கொள்ளும்? தான் கொண்டாடும் பிள்ளைகளைத் தானே துரத்தியது என்று சொல்ல எந்த நிறுவனத்துக்கும் நாக்கு எழுவதில்லை. ஊர்களுக்கும் எழுவதில்லை.

அந்த மூவரில் லி ச்யூன் நெடுங்காலம் வாழ்ந்தார். 1936இல் லூ சுன் முகத்தை மரத்தில் செதுக்கியவர்களில் அவரும் ஒருவர். ஏறக்குறைய நூறு வயதில், 2012இல் காலமானார். மாநாட்டுக்கு மூன்று வருடம் இருந்தது.

எங்கள் சிற்றேட்டுக் கட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. அது மாஸ்டரிடமே இருந்தது. 1990 ஒக்டோபரில் நாங்கள் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டுப் புத்தளத்துக்கு வந்தபோது கையில் கொண்டுவர முடிந்தவற்றில் சிற்றேட்டின் ஒரு பிரதிகூட இல்லை. 2010இல் வீடு இருந்த இடத்தைப் பார்க்கப் போனவன், விசாரித்துக்கொண்டு அவர் வீட்டுக்கும் போனேன். கண் தெரியாமல் திண்ணையில் இருந்தார். குரலை வைத்தே அடையாளம் கண்டு, "வாங்கோ தம்பி, உங்கட சாமான் ஒண்டு என்னட்ட கிடக்கு" என்றார். மகளைக் கூப்பிட்டு, அலுமாரிக்கு மேலிருந்து அந்தக் கட்டையை எடுப்பித்தார். மூன்று முறை இடம்பெயர்ந்தபோதும் அதைத் துணிக்குள் சுற்றி எடுத்துப் போனாராம். ஏன் என்று கேட்டேன். எந்த மனிதரின் முகமென்று நினைவிருக்கிறதா என்று அவர் என்னைத் திருப்பிக் கேட்டார்.

மாஸ்டர் இப்போது இல்லை. சென்ற மாதம் கட்டைக்கு மை தடவி, தாளை வைத்து, கரண்டியின் பின்புறத்தால் தேய்த்துப் பார்த்தேன். லினோலியம் வெடித்துப் போயிருக்கிறது. நெற்றியும் கண்ணும் நன்றாக வந்தன. மூக்கிலிருந்து கீழே ஒன்றும் விழவில்லை. இன்னும் கொஞ்சம் மை போட்டால் வரும் என்று மகன் சொல்கிறான்.